செருப்பு கழன்றது தெரியாத கால்களோடு பழனிக்கு நடக்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 53. மதுரையில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறேன். பிரஷருக்கு ஒரு மாத்திரை. போன மாதம் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.9. மகளுக்குச் சிக்கலான பிரசவம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தால் பழனிக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். முருகன் காப்பாற்றிக் கொடுத்துவிட்டான். தைப்பூசத்துக்குப் பதினோரு வாரம் இருக்கிறது. எங்கள் தெருக் குழுவோடு வாடிப்பட்டி, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாக நான்கு நாள் நடை. மாலை போட்டபின் ஒருவேளைச் சாப்பாடு என்கிறார்கள். இப்போது பூங்காவில் தினமும் அரைமணி நேரம் நடக்கிறேன், முட்டி லேசாக வலிக்கும். வீட்டுக்காரர் பஸ்ஸில் போய் வரலாம் என்கிறார். வயதானதில் மறதி வேறு வந்துவிட்டது: போன வாரம் மார்க்கெட்டில் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்திருக்கிறேன், பின்னால் வந்த பெண்தான் எடுத்துக் கொடுத்தாள். இந்த உடம்போடு அவ்வளவு தூரம் நடக்க முடியுமா? எப்படித் தயாராவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளும் பேரக்குழந்தையும் நலமாக வீடு வந்து சேர்ந்ததில் மிகவும் மகிழ்ச்சி. உங்கள் வயதோ தூரமோ எனக்குத் தடையாகத் தெரியவில்லை. மதுரையிலிருந்து பழனி சுமார் 120 கிலோமீட்டர். பதினோரு வாரம் ஒழுங்காகப் பழகினால் 53 வயதில் நான்கு நாளில் நடந்துவிடக்கூடிய தூரம்தான். கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் நின்றது அந்தச் செருப்பு விஷயத்தில். அதை நீங்கள் மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். அது மறதியாக இருக்க வாய்ப்பு குறைவு.

காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பதைப் பாதத்தின் தோலில் உள்ள நரம்புகள்தான் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்கின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் கால்விரல் நுனிவரை போகிறவை. சர்க்கரையின் பாதிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கி மெல்ல மேலே ஏறும். சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவதுபோல இருக்கும், பஞ்சின் மேல் நடப்பதாகச் சொல்வார்கள். பலருக்கு ஒன்றுமே தெரியாது, உணர்ச்சி மட்டும் சத்தமில்லாமல் குறைந்துபோயிருக்கும். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்களிடம் “செருப்பு உங்களுக்குத் தெரியாமல் கழன்று விழுகிறதா?” என்று நாங்கள் தனியாகக் கேட்கிறோம். நான் கேட்காமலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நல்லதாகப் போயிற்று.

இன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒவ்வொன்றாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. ஓரிரு நொடி சும்மா தொட்டு எடுக்க வேண்டும். தொடுவது தெரிந்ததும் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆறுமே தெரிந்தாலும் உங்கள் விஷயத்தில் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அங்கே, வைத்து அழுத்தும்போது சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டுப் பார்ப்பார்கள், அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள், பாதத்தில் நாடித் துடிப்பு பார்ப்பார்கள். மொத்தமே பத்து நிமிட வேலை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு மருந்து மட்டும் எழுதித் தந்தால் விடாதீர்கள். “நான் பழனிக்கு நடக்கப் போகிறேன், காலைப் பாருங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். கையோடு ஒரு ஈசிஜி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை, கண் விழித்திரைப் பரிசோதனை மூன்றும் செய்துவிடுங்கள்.

பாதத்தில் புண்ணோ, உள்ளே கருத்துத் தெரியும் காய்ப்போ, நாடித் துடிப்பில் குறைவோ இருந்தால் இந்த வருடம் நடை வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதே சரி. நாடி நன்றாக இருந்து உணர்ச்சி மட்டும் குறைந்திருந்தால், ஒட்டன்சத்திரம்வரை வண்டியில் போய், அங்கிருந்து பழனிவரையிலான சுமார் 30 கிலோமீட்டரை இரண்டு நாளாகப் பிரித்து நடப்பதையே நான் விரும்புவேன். உணர்ச்சி பெருமளவு சரியாக இருந்தால் மதுரையிலிருந்தே நடக்கலாம். பின்னால் சொன்ன இரண்டிலும் சாலையில் வெறுங்கால் மட்டும் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தைப்பூச சமயத்தில் சாலையோர மருத்துவ முகாமில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முதுகு வலிக்கு மாத்திரை கேட்டார். ஒரு காலுறையில் மட்டும் ஈரம் தெரிந்ததால் கழற்றச் சொன்னேன். ஷூவைக் கவிழ்த்தபோது ஒரு சின்ன ஜல்லி விழுந்தது, கடுகளவு என்றில்லை, நல்ல பட்டாணி அளவு. கட்டைவிரலுக்குக் கீழே, நடக்கும்போது பாரம் முழுவதும் இறங்கும் இடத்தில், அந்த ஜல்லியின் அளவுக்கே பள்ளம். முந்தின நாள் மாலையிலிருந்து அதன் மேல்தான் நடந்து வந்திருக்கிறார். வலியே இல்லை என்றார். உணர்ச்சி உள்ள கால் என்றால் இரண்டாவது அடியிலேயே நின்று உதறியிருக்கும். கொப்புளம் வந்தாலும் அப்படித்தான். வலித்தால் நாமறியாமல் காலைச் சாய்த்து வைத்து அந்த இடத்தைக் காப்பாற்றிவிடுவோம். மரத்த கால் அதே இடத்தில் மறுபடி மறுபடி இடிக்கும். 120 கிலோமீட்டரில் நீங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அடி எடுத்து வைப்பீர்கள். அவருக்காவது காலில் ஷூ இருந்தது.

தார்ச் சாலையின் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். தை மாதத்து விடிகாலை குளிர்ந்தாலும் பதினோரு மணிக்குமேல் தார் கொதிக்கும். சுடுகிறது என்று தெரிந்தால்தானே கால் நிழலுக்கு ஒதுங்கும்? கோயில் பிரகாரத்துக் கல்லில் நடந்தே உள்ளங்கால் வெந்து கொப்புளத்தோடு வரும் சர்க்கரை நோயாளிகளை நாங்கள் கோடைதோறும் பார்க்கிறோம்.

வேண்டுதல் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. உங்கள் குழுவின் குருசாமியிடம் மனம்விட்டுப் பேசுங்கள். சாலை முழுவதும் காலணியோடு நடந்து, அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டு மலைக்கு மட்டும் வெறுங்காலோடு ஏறுங்கள் என்று நான் யோசனை சொன்னவர்கள் அதை மனநிறைவோடு செய்திருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்போ, சாய்ந்து கல் ஆறிய பிறகோ ஏறுங்கள். பிள்ளைக்காக நடந்து வருகிறேன் என்று சொன்ன தாய், காலை இழக்காமல் திரும்பி வந்து அந்தப் பேரனையோ பேத்தியையோ தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காலணியை இந்த வாரமே வாங்குங்கள், கிளம்புவதற்கு முதல் நாள் வாங்குவது வேண்டவே வேண்டாம். மாலையில் கடைக்குப் போங்கள், பகலெல்லாம் நின்ற பாதம் அப்போதுதான் முழு அளவுக்கு உப்பியிருக்கும். விரல்கள் விரிந்து கிடக்கும் அகலம், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடைவெளி, மெத்தென்ற உள்பக்கம், மூடிய ஷூ. விரலிடுக்கு வார் வைத்த செருப்பு உங்களுக்கு ஆகாது. ஷூவே பழக்கமில்லை, முடியாது என்றால் பின்பக்கம் வார் வைத்த எம்சிஆர் (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு அடுத்தபடி. காலுறை வெள்ளை நிறத்தில் இருக்கட்டும், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். மேலே இறுக்கும் எலாஸ்டிக் இல்லாததாக நாலைந்து ஜோடி எடுங்கள், வியர்த்து நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். கொப்புளத்துக்கு உராய்வு பாதிக் காரணம், ஈரம் மீதிக் காரணம்.

ஒவ்வொரு முறை உட்காரும்போதும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். காலுறையைக் கழற்றி, உள்ளங்காலைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள். குனிந்து பார்ப்பதைவிட இது தெளிவாகத் தெரியும், நேற்றைய படத்தோடு ஒப்பிடவும் முடியும். சிவந்த இடம் இருந்தால் அங்கே காகிதப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அரைமணி கழித்து மறுபடி பார்க்கலாம். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள், தோலை உரிக்காதீர்கள், சுத்தமான துணி வைத்து மூடி அன்றைய நடையை அத்தோடு நிறுத்துங்கள். நகத்தை ஒரு வாரம் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெயோ வாசலினோ பாதத்தில் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம்.

மண்டபத்தில் இரவு எல்லாரும் கல்லுப்புப் போட்ட வெந்நீரில் கால் வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது சுகம், உங்களுக்கு ஆபத்து. சூடு எவ்வளவு என்று உங்கள் பாதம் சரியாகச் சொல்லாது. சாதாரணத் தண்ணீரில் கழுவித் துடைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுங்கள்.

அடுத்து மாத்திரை. நீங்கள் போடுவதில் மெட்ஃபார்மின் தனியாக லோ சுகரை உண்டாக்குவது அரிது. கிளிமெபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதன் மேல் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தால், சர்க்கரை நடக்கும்போது மட்டும் இறங்குவதில்லை, அன்று இரவு தூக்கத்திலும் இறங்கலாம். இந்த மாத்திரையோடு ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் உங்களுக்கு முடியவே முடியாது. அசைவம், வெங்காயம், பூண்டு விடுங்கள், தரையில் படுங்கள், விரதத்தில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். பயிற்சி நடையின்போது கிளம்பும் முன், நடுவில், முடித்ததும், இரவு படுக்குமுன் என்று குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டை உங்கள் மருத்துவரிடம் காட்டினால் யாத்திரை நாட்களுக்குக் கிளிமெபிரைடை எவ்வளவு குறைப்பது என்று அவர் கணக்காகச் சொல்வார். இதைப் படிக்கும் வேறு யாராவது டாபாகிளிஃப்ளோசின் வகை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்) மாத்திரை போடுகிறவர்களாக இருந்தால் அவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். பட்டினியும் நீர் வற்றலும் சேர்ந்தால் அதில் வேறுவகை ஆபத்து உண்டு.

திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழறல். இதெல்லாம் நடைக் களைப்பு போலவே தெரியும். சந்தேகம் வந்தால் நடையை நிறுத்தி, மீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் பிஸ்கட், வாழைப்பழம் ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது ஓய்வெடுங்கள். வழியில் தரும் பானகம் இந்த நேரத்தில் மருந்து, மற்ற நேரத்தில் வேண்டாம். குழுவில் இரண்டு பேருக்காவது இதைச் சொல்லிக் கொடுங்கள். நோயின் பெயர், மாத்திரைகள், வீட்டு எண் எழுதிய அட்டை இடுப்புப் பையில் இருக்கட்டும், மாற்றுத் துணி வண்டியில் போனாலும் இந்தப் பையும் மீட்டரும் உங்களைவிட்டுப் போகக் கூடாது.

அன்னதானத்தில் பெரும்பாலும் புளியோதரையும் லெமன் சாதமும் பொங்கலும்தான் கிடைக்கும். கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, வறுத்த கடலை, சுண்டல், முளைகட்டிய பயறு என்று கையிலிருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களிடம் நான் தனியாகச் சொல்வது ஒன்று உண்டு. வழியில் கழிப்பறை இருக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் நடப்பார்கள். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வந்து நிற்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தத் தொற்று சீக்கிரம் முற்றும். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எங்கெங்கே இருக்கிறது என்று முன்னால் போய்வந்த பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், குழுவில் பெண்களுக்கென்று அங்கே நின்று போக நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓஆர்எஸ் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பொடியையே வாங்குங்கள், அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்களை வாங்காதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்வரை கவலையில்லை.

வலி மாத்திரை பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்று குழுவில் கைமாறிக்கொண்டே இருக்கும். நீர் வற்றிய உடம்பில், பிரஷர் மாத்திரையும் போடுகிறவர்கள் அதைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் அடிபடும். முட்டி வலிக்குப் பாரசிட்டமால் போதும், மேலே தடவும் களிம்பு போடலாம். அதற்கு மேலும் வலித்தால் அது ஓய்வு கேட்கும் வலி.

பயிற்சியைப் பாதப் பரிசோதனைக்குப் பிறகே தொடங்குங்கள். வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட நடை. அந்த நீண்ட நடை முதல் வாரம் 5 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு 2 கிலோமீட்டர் கூடட்டும். எட்டாம் வாரத்தில் 20 கிலோமீட்டரை நெருங்கிவிடலாம். பூங்கா மண்ணை விட்டுத் தார்ச் சாலைக்கு வாருங்கள், யாத்திரையில் போடப்போகும் அதே ஷூ, அதே துணி. அப்போதுதான் தொடை உரசிப் புண்ணாவது, தையல் குத்துவது எல்லாம் முன்பே தெரியும். சேலைக்குள் முழங்கால்வரை பருத்தி லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டால் தொடை உரசாது. ஒன்பதாம் வாரத்தில் அதற்குப் பதிலாகச் சனி, ஞாயிறு அடுத்தடுத்து 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடுவார்கள், இரண்டாம் நாள் காலையில் கால் எப்படி எழுகிறது என்பதுதான் சோதனை. கடைசிப் பத்து நாள் பாதியாகக் குறைத்துவிடுங்கள். முட்டிக்கு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத் தினமும் பத்துப் பத்தாக மூன்று தடவை. நடக்கையில் நெஞ்சில் பாரம், தாடையிலோ முதுகிலோ வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, வயிற்றைப் பிசையும் அசௌகரியம் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி இதயத்தைப் பாருங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும்.

பின்னிரவில் கிளம்பும்போது வாகனம் எதிரே வருவது தெரியும்படி சாலையின் வலப்பக்கம் நடங்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை உள்ள இடத்தில் அதை விட்டு இறங்க வேண்டாம். அவசரத்துக்கு 108.

பழனி சேர்ந்ததும் கால் இருக்கும் நிலையில் ஏறத்தாழ 690 படியையும் ஒரே மூச்சில் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சாய்வாக ஏறும் யானைப்பாதை முட்டிக்குச் சற்று இலகு. இறங்கும்போதுதான் முட்டிக்கு அதிகச் சுமை, விஞ்ச் எனும் இழுவை ரயில் கிடைத்தால் அதில் இறங்குங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில்தானே வருவீர்கள்? நடை நின்ற அன்றும் மறுநாளும் சர்க்கரை தாழ்வாகவே இருக்கலாம். குறைத்த மாத்திரையை எப்போது பழைய அளவுக்குக் கொண்டுவருவது என்பதையும் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குப் பாதத்தைத் தினமும் பார்த்து வாருங்கள். கருத்த நகம், ஆறாத வெடிப்பு, ஒரு கால் மட்டும் சூடாகி வீங்கி இருப்பது இவற்றில் எது தெரிந்தாலும், வலி இல்லை என்று வீட்டில் இருந்துவிடாமல், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.